ஒன்பதாம் பகுதியின் பதினொரு புளிய மரங்கள்

அனுப்புநர்
மர ஆய்வாளர் (முதல் நிலை),
பூங்காக்கள் மற்றும் மரங்கள் பிரிவு,
நகராட்சி அலுவலகம்,
தரைத்தளம், படிக்கட்டுக்குக் கீழுள்ள அறை.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
இரண்டாம் தளம்.

பொருள்: பழைய கல்லறைத் தோட்டம் – ஒன்பதாம் பகுதி – உள்ளழுகல் கண்டவை எனத் தவறாக அறிக்கை அளிக்கப்பட்ட புளிய மரங்கள் – மீதமுள்ள பதினொன்றை வெட்டுவதை நிறுத்தக் கோருதல் – அறிக்கை அளித்தவர் மீது புகார் – தொடர்பாக.

பார்வை: 1. கல்லறைத் தோட்ட மரங்கள் குறித்த எனது ஆய்வறிக்கை, சென்ற மாதம் ஒன்பதாம் தேதியிட்டது.
2. அதன் மேல் தாங்கள் பிறப்பித்த வெட்டு ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இப்பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஓய்வு பெற மூன்று மாதங்கள் உள்ளன. இது ஒரு புகார் மனு. யார் மீது புகார் என்ற இடத்தில் என் பதவியையே குறிப்பிட்டுள்ளேன். மனுப் படிவம் வாங்கப் போனபோது தபால் பிரிவு எழுத்தர் விவரம் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். “புகார் கொடுக்கறதும் நீங்க, மாட்டிக்கிறதும் நீங்க. இதை நான் எந்த ஃபைல்ல சார் போடுறது?” என்றார். நியாயமான கேள்வி. எந்தக் கோப்பில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முன் தாங்கள் இதைப் படித்துவிட வேண்டும் என்பதே என் கவலை.

2. பழைய கல்லறைத் தோட்டம் அமைக்கப்பட்டு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. முதல் கண்காணிப்பாளர் கல் நடும் முன்பே மரம் நட்டவர் என்பது அவர் வரைந்த வரைபடத்தில் தெரிகிறது. வாசலிலிருந்து செல்லும் பெரிய பாதையின் இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள். பகுதிகளுக்கு இடையே வேம்பு. எல்லாவற்றுக்கும் கடைசியில், பின்மதிலை ஒட்டி, ஒரே வரிசையில் பதினேழு புளிய மரங்கள். அதுதான் ஒன்பதாம் பகுதி. அங்கே ஒரு கல்லறைக் கல்கூடக் கிடையாது. வாசலில் நின்று பார்ப்பவருக்கு அப்படி ஒரு பகுதி இருப்பதே தெரியாது.

சென்ற ஆண்டுக் கடைசியில் வீசிய புயலில் பெரிய பாதையில் ஒரு கிளை முறிந்து, நிறுத்தியிருந்த சவ ஊர்தியின் கூரையில் விழுந்தது. வண்டி காலியாக இருந்தது. ஓட்டுநர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அதையடுத்து, தோட்டத்திலுள்ள எல்லா மரங்களையும் ஆய்வு செய்து அபாயமானவற்றைக் குறிக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது.

3. இருநூற்றுப் பன்னிரண்டு மரங்களை நான்கு நாட்களில் ஆய்வு செய்தேன். எங்கள் வேலை முறை தங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். மரச் சுத்தியல் ஒன்றால் அடிமரத்தை நெஞ்சுயரத்தில் நான்கு பக்கமும் தட்டுவோம். கட்டை நன்றாக இருந்தால் ‘தொம்’ என்று அடைத்த சத்தம் வரும். உள்ளே பொந்து இருந்தால் காலிப் பெட்டியைத் தட்டியது போல் கேட்கும். ஒன்பதாம் பகுதியின் பதினேழு மரங்களிலும் கிழக்குப் பக்கத்தில் ஒரு வீக்கம் இருந்தது. பட்டை மடிந்து, உதடு மூடியது போல் ஒரு தழும்பு. தட்டினால் காலிச் சத்தம். ‘கழலை, உள்ளழுகல், அகற்றப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று பதினேழுக்கும் எழுதினேன். என் கையாலேயே வெள்ளை வட்டம் போட்டேன். சந்தேகப்பட எனக்கு அப்போது எந்தக் காரணமும் இருக்கவில்லை.

4. இம்மாதம் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, வெட்டத் தொடங்கினார்கள். முதல் மரத்தை மேஸ்திரி வீக்கத்தின் குறுக்கே அறுத்தார். இயந்திர ரம்பத்திலிருந்து தீப்பொறி பறந்தது, அதன் சங்கிலி அறுந்தது. “சார், உள்ள ஆணி இருக்கு” என்று கத்தினார். கோடரியால் பிளந்து பார்த்தோம். வீக்கத்துக்குள், பட்டைக்கு நான்கு விரல் ஆழத்தில், இரண்டு ஆணிகளுடன் உள்ளங்கையளவு துத்தநாகத் தகடு ஒன்று இருந்தது. அதில் ஆணி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்தி ஒரு பெயர். கீழே ‘வயது ஐந்து’.

தகட்டுக்கும் அதன் மேல் வளர்ந்து மூடிய பட்டைக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி. நான் கேட்ட காலிச் சத்தம் அதுதான். மரத்தில் அழுகல் என்பது பெயருக்குக்கூட இல்லை. அறுத்த வட்டைக் கையால் தடவிப் பார்த்தேன். அவ்வளவு திடமான புளியங்கட்டையை நான் பார்த்து வருடங்களாகின்றன.

  

5. அந்த நிமிடமே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். நான் செய்தது வேறு. தகட்டை என் பையில் போட்டுக்கொண்டேன். மேஸ்திரியிடம், வீக்கத்தைத் தொடாமல் ஒன்றரை அடி உயரத்திலேயே அறுக்கும்படி சொன்னேன். ரம்பம் வீணாகக்கூடாது என்று காரணமும் சொன்னேன். அவர், “நீங்க சொன்னா சரி சார்” என்றார். அன்று இரண்டும் மறுநாள் மூன்றுமாக மேலும் ஐந்து மரங்கள் விழுந்தன. ஐந்தின் வெட்டு முகமும் முதல் மரத்தைப் போலவே திடமாக இருந்தது. தகடுகள் தண்டுக்குள் இருக்கும்போதே அக்கட்டைகள் நகராட்சிக் கிடங்குக்குப் போய்விட்டன.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தாங்கள் கேட்கலாம். முப்பத்தொரு ஆண்டுகளில் என் அறிக்கை ஒன்றுகூடத் திருத்தம் கேட்டுத் திரும்பி வந்ததில்லை. புதிதாகச் சேருபவர்களிடம் இதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வது என் வழக்கம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை, ஐயா. இருந்திருந்தால் எனக்கே சற்று மரியாதையாக இருந்திருக்கும்.

பத்தாம் தேதி மழை பிடித்துக்கொண்டது. வெட்டும் ஆட்களை, அடைத்துக்கொண்ட வடிகால்களைச் சரிசெய்ய அனுப்பிவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை மறுபடி வெட்ட வருகிறார்கள். மீதி மரங்கள் நிற்பது மழையால். என்னால் அல்ல.

6. அந்த மழையில் கல்லறைத் தோட்டத்தின் பதிவேட்டு அறையில் போய்த் தேடினேன். எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு காய்ச்சல் வந்திருக்கிறது. குழந்தைகள் நிறையப் பேர் இறந்திருக்கிறார்கள். கல் வைக்க வசதியில்லாத குடும்பங்களுக்கு, அப்போதிருந்த கண்காணிப்பாளர் ஒன்பதாம் பகுதியைத் திறந்து, குழந்தைக்கு ஒரு மரம் என்று கொடுத்திருக்கிறார். மரமே கல். தகட்டில் பெயர் குத்தி, ‘கிழக்கு முகத்தில், தரையிலிருந்து நான்கு அடி உயரத்தில்’ அடிக்கச் செய்ததாக அவர் கைப்பட எழுதியிருக்கிறார். பதினேழு மரங்களும் தீர்ந்ததும் அப்பகுதியை மூடிவிட்டார். அதன் பின் மரங்கள் பருத்துப் பருத்துத் தகடுகளை உள்ளே இழுத்துக்கொண்டன.

மரம் உச்சியில்தான் உயரும். அடிமரத்தில் அடித்த ஆணி நூறு ஆண்டுகள் ஆனாலும் அடித்த உயரத்திலேயே இருக்கும். இது எங்கள் தொழிலில் முதல் வாரப் பாடம். என் ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். வீக்கத்தின் உயரம் என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் நான்கு அடி, நான்கு அடி, நான்கு அடி ஒரு அங்குலம், மறுபடி நான்கு அடி என்று பதினேழு வரிகள் இருக்கின்றன. பதினேழு மரத்தையும் நாடா பிடித்து அளந்து ஒரே இடத்தில் பிடிக்கும் நோய் உலகத்தில் கிடையாது. எழுதிய கைக்கும் தெரியவில்லை. பார்த்த கண்ணுக்கும் தெரியவில்லை. அந்தப் பதிவேடு இருந்த அறைக்கு அடுத்த அறையில்தான் ஆய்வு நடந்த நான்கு நாட்களும் உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

7. இந்த இடத்தில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. மூன்றாம் பத்தியின் கடைசி வாக்கியம் பொய். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று நினைத்தேன். பிறகு, நான் எவ்வளவு சரளமாகப் பொய் எழுதுவேன் என்பது தங்களுக்கும் தெரியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

உண்மை இது. நான்கு பக்கமும் தட்ட வேண்டும் என்பது விதி. நான் தட்டியது கிழக்குப் பக்கத்தை மட்டும். மற்ற மூன்று பக்கமும் முள்புதர் மண்டிக் கிடந்தது. முதல் மரத்தைச் சுற்ற முயன்றபோது என் கால்சட்டை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் கிழிந்தது. புதிய கால்சட்டை. அதற்கு மேல் எந்த மரத்தையும் நான் சுற்றவில்லை. நான்கு பக்கமும் தட்டியதாக அறிக்கையில் எழுதினேன்.

கிழிந்ததைத் தைக்கக் கொடுக்க, அன்று மதியம் கல்லறைத் தோட்ட வாசலுக்கு எதிரே உள்ள தையற்கடைக்குப் போனேன். பள்ளிச் சீருடை தைக்கும் அக்கா ஒருவர் அங்கே இருக்கிறார். எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். வயது எழுபது. எங்கே கிழிந்தது என்று கேட்டார். ஒன்பதாம் பகுதி என்றேன். ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு, தம் அண்ணன் அங்கேதான் இருக்கிறான் என்றார். காய்ச்சல் வந்தபோது அண்ணனுக்கு வயது ஐந்து. இவர் தாயின் வயிற்றில் இருந்தாராம். பெயரையும் சொன்னார். “எந்த மரம்னுதான் தெரியல தம்பி. தகட்டை மரம் முழுங்கிடுச்சுன்னு அம்மா சொல்லும். நான் பொதுவா எல்லா மரத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுவேன். நீங்க மரம் படிச்சவராச்சே, பாத்து சொல்லுங்களேன்” என்று கேட்டார்.

நான் சிரித்தேன், ஐயா. “தகரத்தைத் தின்னு வளர்ற மரத்தை நான் இந்த சர்வீஸ்ல பார்த்ததே இல்லக்கா. எல்லாம் துரு பிடிச்சு எப்பவோ விழுந்திருக்கும்” என்றேன். கடையில் இருந்த இன்னும் இருவரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்து வைத்தார். அதன் பிறகு இரண்டு நாள் கழித்துத்தான் என் அறிக்கையை எழுதிக் கையெழுத்திட்டேன். ஆக, என்னிடம் சொல்லப்பட்டது. கைக்கெட்டும் தூரத்தில், தமிழில், தெளிவாகச் சொல்லப்பட்டது.

8. முதல் மரத்தில் கிடைத்த தகட்டில் இருந்தது அவர் சொன்ன பெயர்தான். வாசித்தவுடனே தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டும் பத்து நாட்கள் அதை என் வீட்டில் வைத்திருந்தேன். வாசல் பக்கம் போனால் தையற்கடையைத் தாண்ட வேண்டும் என்பதால், பின்மதிலின் சிறு கதவு வழியாகத் தோட்டத்துக்குள் போய் வந்தேன். என் கால்சட்டை தைத்து முடித்து அவர் கடையிலேயே மாட்டிக் கிடந்தது. வாங்கப் போகவில்லை.

என் மனைவி அலமாரியைத் துடைக்கும்போது தகட்டைப் பார்த்துவிட்டார். “என்னங்க இது, யாரோட பேரு?” என்று கேட்டார். ஆபீஸ் விஷயம் என்று முறைத்தேன். அவர் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய பல் தூரிகையால் புள்ளிகளைத் தேய்த்து, துணியில் வைத்துவிட்டு, “இந்தப் பிள்ளையோட ஆளுங்க யாராவது இருப்பாங்க. கொடுத்துடுங்க” என்று மட்டும் சொன்னார்.

பிரிவுக் கண்காணிப்பாளரிடம் வாய்மொழியாகத் தெரிவித்தேன். அவர் நல்ல மனிதர். என்மேல் அக்கறை உள்ளவர். “மூணு மாசம் சார். மாலையைப் போட்டுக்கிட்டு கிளம்புங்க. மரம் என்ன வந்து சாட்சி சொல்லப் போகுதா?” என்றார். உரிய வழியாக அனுப்பாமல் இம்மனுவை நேராகத் தங்களுக்கு எழுதுவது இதனால்தான். அவர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

9. நேற்று, வியாழக்கிழமை, தகட்டை எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போனேன். அக்கா தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். துணியைப் பிரித்துத் தகட்டை இயந்திரப் பலகையில் வைத்தேன். கையில் இருந்த காலரை முடித்து நூலை வெட்டிய பிறகுதான் அவர் நிமிர்ந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். புள்ளிகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவி, முழுப் பெயரையும் இரண்டு முறை சொன்னார். பிறகு, “இத்தனூண்டு தகடா? பெருசா இருக்கும்னு நினைச்சேன்” என்றார்.

மரம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நடந்தது அனைத்தையும், ஐந்தாம் பத்தியில் எழுதியிருப்பது உட்பட, நின்றுகொண்டே சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அன்று நான் சிரித்ததையாவது ஞாபகப்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். மாட்டியிருந்த என் கால்சட்டையை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு, “மிச்ச மரத்துல இருக்கற பிள்ளைங்களுக்கு இப்ப யாரு தம்பி இருக்கா?” என்று கேட்டார்.

பதிவேட்டில் உள்ள மற்ற பதினாறு பெயர்களைச் சொல்லி வாசலிலும் அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் நேற்று மாலை முழுவதும் விசாரித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. குடும்பங்கள் எங்கெங்கோ போயிருக்கலாம்.

10. ஆகவே நான் பணிவுடன் வேண்டுவது:

மீதமுள்ள பதினொரு மரங்களின் மீதான வெட்டு ஆணையைத் தாங்கள் உடனே ரத்து செய்ய வேண்டும். அவற்றை வேறொரு ஆய்வாளர், நான்கு பக்கமும் தட்டி, மறு ஆய்வு செய்யட்டும். நான் உடன் வரக்கூடத் தேவையில்லை.

கிடங்கில் உள்ள ஐந்து புளியங்கட்டைகளை அறுவை ஆலைக்கு அனுப்பாமல் தனியே வைக்க உத்தரவிட வேண்டும். அறுத்த அடியிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடி மேலே தகடு இருக்கும். ரம்பம் வைக்காமல் உளியால் எடுக்கச் சொல்லுங்கள். எந்தத் தகடு எந்த அடிமரத்துக்குரியது என்று பொருத்திப் பார்க்க, ஒவ்வொரு மரத்தின் சுற்றளவும் குறித்துள்ள என் குறிப்பேட்டை இத்துடன் இணைத்துள்ளேன். அது ஒன்றுக்காவது அக்குறிப்பேடு பயன்படட்டும்.

என்மேல் எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுங்கள். கோப்பில் ‘தொழில்நுட்பப் பிழை’ என்று எழுதி முடித்துவிட வேண்டாம். சுத்தியலும் சரியாக வேலை செய்தது, முறையும் சரியானது. தட்டியவன்தான் சரியில்லை.

கடைசியாக ஒன்று. இன்று காலை முதல் அக்கா கடையைத் திறக்கவில்லை. ஒரு முக்காலியும் சீருடை மூட்டையுமாக ஒன்பதாம் பகுதியில் போய் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே நிற்கும் பதினொன்றில் எதுவும் அவருக்கு உறவில்லை. அவருடைய அண்ணனின் மரத்தை நான் முதல் நாளே வெட்ட வைத்துவிட்டேன். காவலாளி போகச் சொன்னதற்கு, திங்கட்கிழமையும் வருவேன் என்று சொல்லியிருக்கிறார்.

வேலையை ஆரம்பிக்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் இன்று கேட்டுக்கொண்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து அறிக்கையின் நகலை எடுத்து விரித்துக் காட்டினார். “சார், அழுகினதுன்னு எழுதினதும் நீங்க, கீழ அறுன்னு சொன்னதும் நீங்க. இப்ப வேண்டாங்கறதும் நீங்க. நான் எந்த உங்களை நம்புறது? மேல இருந்து ஒரு பேப்பர் கொண்டாங்க” என்றார். அவர் பேச்சில் தவறு காண எனக்குத் தகுதியில்லை.

தாங்கள் அந்தத் தாளில் கையெழுத்திடாவிட்டால், திங்கட்கிழமை ஏழு மணிக்கு ரம்பம் வரும். மரம் வெட்டும் இடத்தில் யாராவது அமர்ந்திருந்தால் அவரை எழுப்பி அப்புறப்படுத்த வேண்டியது மர ஆய்வாளரின் கடமை என்று நம் விதி சொல்கிறது. அந்த மரத்தடியில் போய் நின்று, அந்த அக்காவைப் பார்த்து, எழுந்திருங்கள் என்று என்னைச் சொல்ல வைத்துவிடாதீர்கள், ஐயா. கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை.
இடம்: கல்லறைத் தோட்டப் பதிவேட்டு அறை.

இணைப்பு: 1. ஆய்வுக் குறிப்பேடு. 2. பதிவேட்டிலிருந்து என் கையால் எடுத்தெழுதிய பதினேழு குழந்தைகளின் பெயர்ப் பட்டியல்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு, தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
மர ஆய்வாளர், முதல் நிலை.